வயலில்லாதவர் வைத்த பொங்கல்

அறுவடை இல்லாத மண்ணில் அறுவடைத் திருநாள் நடக்குமா? ஏரும் கலப்பையும் காணாத மலையிலே உழவு மாட்டுக்கு நன்றி கூறுவோர் இருப்பரோ? கையகல நிலமும் தனக்கென இல்லாதவன், புதுப்பானை பொங்கி வழியும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று முழங்குவானேயானால், அந்த முழக்கத்துக்குப் பொருள்தான் என்ன?

வேடிக்கைக்காக நாம் எழுப்பும் வினாக்கள் அல்ல இவை. மதுரைச் சமவெளியிலிருந்தும், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்தும் கடல் கடந்து சென்று, இலங்கைத் தீவின் மலைகளிலே காப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்து உருக்குலைந்த இலட்சக்கணக்கான தமிழர், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தை முதல் நாளில் வைத்த பொங்கல் இத்தகையதுதான். வயல் இல்லாதவர் வைத்த பொங்கல் அது. அதன் வரலாற்றை அறியாதவரையில், நம் வீட்டு முற்றத்திலே பொங்கும் பொங்கலின் பொருளையும் நாம் முழுமையாக அறிந்தவர்கள் ஆகமாட்டோம்.

வைகைக் கரையில்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் தை எப்படிப் பிறக்கிறது என்பதை நம் தோழர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய காப்பு, கூரையிலே செருகப்படுகிறது. களத்திலே நெல் குவிகிறது. கரும்பும் மஞ்சளும் வண்டி வண்டியாக நகருக்குள் வருகின்றன. முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல்கள் திறக்கின்றன. காளை பாய்கிறது, காளையர் பாய்கின்றனர், ஊர் ஆர்ப்பரிக்கிறது.

இந்த விழாவுக்கு வேண்டியவை யாவை? ஒரு பானை, மூன்று கல், ஒரு படி புத்தரிசி, ஒரு கட்டு விறகு, கிழக்கே எழும் கதிரவன். இவ்வளவுதான். பிறர் அறியா மொழியில் மந்திரம் ஓத ஒருவர் வேண்டுவதில்லை. எந்த அசுரனும் மாளவேண்டுவதில்லை. எந்தக் கோபுர வாயிலும் திறந்து வழிவிடவேண்டுவதில்லை. உழைத்தவன், தன் உழைப்பின் பலனைத் தன் வாசலிலே, தன் மனைவி மக்களோடு, தானே சமைத்து உண்ணுகிறான். எளிமையே இதன் சிறப்பு. இந்த எளிமைதான் பின்னாளில் கடலையும் தாண்ட உதவிற்று.

ஆனால், உழைத்தவனுக்கே பலன் என்ற அந்தப் பொருள், பிறந்த மண்ணிலேனும் மெய்யாக இருந்ததா? அன்றைய மதுரைச் சீமையில் நல்ல நன்செய் யாரிடம் இருந்தது? ஜமீனிடம் இருந்தது, கோயிலிடம் இருந்தது, பண்ணையாரிடம் இருந்தது. சேற்றில் இறங்கியவனோ, சேரியில் இருந்தான். அவன் உழுதான், விதைத்தான், அறுத்தான், அடித்தான், தூற்றினான், அளந்தான். அளந்து அடுத்தவன் பத்தாயத்திலே கொட்டினான். கூலியாகக் கிடைத்த சில மரக்கால் நெல்லைக் கொண்டுதான் அவன் வீட்டுப் பானை பொங்கிற்று. வயலில்லாதவர் பொங்கல் இலங்கையிலே தோன்றியதன்று. அது வைகைக் கரையிலேயே தோன்றிவிட்டது!

மழை பொய்த்தால் அந்தச் சில மரக்காலும் இல்லை. மேற்கே ஓடிக் கடலிலே வீழ்ந்த பெரியாற்று நீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு வைகைக்கு வந்தது 1895-இல்தான். அதற்கு முன்னர், வானம் பார்த்த கண்மாய்களே கதி. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தை, 'தாது வருடப் பஞ்சம்' என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். களஞ்சியம் உடையவன் கதவைச் சாத்திக்கொண்டான். கலப்பை பிடித்தவன் கஞ்சித் தொட்டி தேடி அலைந்தான். அந்த வேளையிலே ஊர் ஊராக வந்தான் ஒருவன். 'அக்கரையிலே வேலை இருக்கிறது, சோறு இருக்கிறது, முன்பணமும் தருகிறேன்' என்றான். அவன்தான் கங்காணி.

கடலுக்கு அப்பால்

பஞ்சத்துக்கு முன்பே தொடங்கிய பயணம் இது. 1820-களிலேயே பிரிட்டிஷார் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினர். 1840-இல் முடிக்குரிய நிலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, பத்திரம் காட்ட இயலாத காட்டையும் மேட்டையும் அரசுடைமை ஆக்கினர். கண்டிச் சிங்களக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய நிலம், துரைமார் கைக்கு மாறிற்று. நிலத்தை இழந்தவன் சிங்களவன். அந்த நிலத்திலே முதுகை இழந்தவன் தமிழன். இருவரையும் ஏய்த்தவன் ஒருவனே. இந்த உண்மை மறைக்கப்பட்டதால்தான், பின்னாளில் ஏய்க்கப்பட்ட இருவரும் ஒருவரை ஒருவர் பகைவராகக் கருத நேர்ந்தது.

மதுரைப் பக்கத்து மக்கள் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகக் கடற்கரை சேர்ந்தனர். தோணியேறி மன்னார் சேர்ந்தனர். அங்கிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் பல்லாயிரவர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, தனுஷ்கோடிவரை புகைவண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று பயணம் எளிதாயிற்று. மண்டபம் முகாமிலே கூலிகளைத் தங்கவைத்து, நோய் இல்லை என்று உறுதிசெய்து அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கழுத்திலே மாட்டி அனுப்பும் முறையும் இருந்தது. பெயருள்ள மனிதன் கடலைத் தாண்டும்போது எண்ணாக மாறினான்!

அப்படிச் சென்றவர்களில் பெரும்பகுதியினர், 'தீண்டத்தகாதோர்' என்று ஒதுக்கப்பட்ட சாதிகளிலே பிறந்தவர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்கள் நுழைய முடிந்தது எப்போது? வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசத்தின்போது, 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாளன்று! அதற்கு முன் அறுபது, எழுபது, நூறு ஆண்டுகளாகக் கப்பலேறியவர்கள், தங்கள் ஊரின் பெருமை என்று உலகம் பேசிய அந்தக் கோயிலின் உட்புறத்தைக் கண்டதே இல்லை. எனவே, மதுரையின் எந்த விழாவை அவர்கள் மூட்டைகட்டிக்கொண்டு போயிருக்க முடியும்? வெளியே நிற்கவைத்த விழாவையா? வாசலிலே தானே வைத்துத் தானே உண்ட விழாவையா?

பொங்கல் சென்றது. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தப்பு முழக்கமும் உடன் சென்றன. உழைப்பாளியின் மூட்டைக்குள் அடங்கக்கூடியவை அவை.

லயத்து வாசலில்

காப்பி அழிந்தது. 1869-இல் தலைகாட்டிய இலைநோய் அதைத் தின்று தீர்த்தது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவம் உண்டு, தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாகவேண்டும். ஆகவே, வந்து திரும்பிய கூலி, வந்து தங்கிய குடியாக மாறினான். அவன் தங்கியது 'லயம்' என்று பெயரிட்ட நீண்ட கொட்டில். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதன் முன் ஓர் இஸ்தோப்பு. பிறப்பும் இறப்பும் மணவாழ்வும் அந்த ஓரறைக்குள்ளேதான்.

அந்த லயத்து வாசலிலே தை முதல் நாள் பொங்கல் வைத்தனர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மேலே பனிமூட்டம், சுற்றிலும் பச்சைப் பசேலெனத் தேயிலை, ஒரு கதிரும் இல்லை, ஒரு களமும் இல்லை. பானையில் இட்ட அரிசி அவர்கள் விளைத்ததன்று. பெரும்பாலும் கடல் வழியாக வந்திறங்கி, தோட்டத்துக் கிடங்கிலே அளந்து கொடுக்கப்பட்டு, சம்பளத்திலே கழிக்கப்பட்ட அரிசி. உழவு மாட்டுக்கு அந்தச் சரிவிலே வேலையே இல்லை. கீழே பள்ளத்தாக்கிலே நெல் வயல்கள் உண்டு. அவை கண்ணுக்குத்தான் விருந்து, கைக்கு எட்டா.

இருந்தும் வைத்தனர். ஏன்? பழக்கத்தின் பிடி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாமா? கூடாது. தகரச் சீட்டிலே எண்ணாக நின்றவன், 'பிரட்டு'க் களத்திலே பேர்கூப்பிடக் காத்து நின்றவன், அந்த ஒரு நாளில் உழவனாக நின்றான். 'உலகுக்குச் சோறிட்ட கூட்டம் நாங்கள்' என்று பொங்கிய பானையைக் காட்டித் தன் பிள்ளைக்குச் சொன்னான். தன்மானத்தின் சிறு பொறி அது. ஊதாமல் விட்டோம் என்பதற்காகப் பொறியே இல்லை என்று கூறிவிட முடியாது.

அதே மலையிலே இன்னொரு விழாவும் நடந்தது; தீபாவளி. அதற்குத் தோட்ட நிருவாகம் முன்பணம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிற்று. புதுத்துணியும் பலகாரமும் பட்டாசும் ஒரே நாளில் வாங்கி, பின்னர் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழித்தனர். வந்த நாள்தொட்டுக் கடன்தான் அவர்களைக் கட்டிய சங்கிலி. கங்காணி கொடுத்த வழிச்செலவு முதற்கடன். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கையில் இருந்தால்தான் ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் போகலாம். ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, பண்டிகைக் கடன் ஒழியவில்லை. கொண்டாடச் சொல்லிக் கடன் கொடுத்து, கொண்டாடிய பின் கூலியைக் குறைக்கும் விழா யாருக்கு விழா? அறுவடை நாள், கையில் உள்ளதைக் கொண்டு கொண்டாடும் நாள். கதை நாளோ, கையில் இல்லாததைக் கடன் வாங்கிக் கொண்டாடும் நாளாயிற்று. இந்த வேற்றுமையை நம் இளைஞர் மறக்கலாகாது.

நாடற்றவர் வைத்த பொங்கல்

நிலம்தான் இல்லை, நாடேனும் இருந்ததா? 1947-ஆம் ஆண்டு இலங்கைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். எழுந்து நின்ற அந்தக் கூட்டத்தைக் கண்டு ஆட்சி அஞ்சிற்று. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் பிறந்ததற்கும் பாட்டன் பிறந்ததற்கும் சான்று கேட்டது அச்சட்டம். லயத்திலே பிறந்தவனுக்கு எந்தப் பதிவேடு? எந்தப் பத்திரம்? மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. அச்சட்டத்துக்குப் பின் வந்த முதல் தைத் திங்கள், 1949-ஆம் ஆண்டுத் தை. அன்று லயத்து வாசலிலே பானை வைத்தவன், வயல் இல்லாதவன் மட்டுமல்லன், நாடும் இல்லாதவன்.

1952-இல் அவர்கள் சத்தியாகிரகம் செய்தனர். பயன் விளையவில்லை. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிடப்பட்டனர். அந்த எச்சத்தையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். களத்து மேட்டிலே நெல்லை அளந்து பங்கிடுவதை நாம் அறிவோம். மனிதரை அளந்து பங்கிட்டதை அன்று கண்டோம். 'நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?' என்ற கேள்வி, ஒப்பம் இட்ட பிறகுதான் அந்த உழைப்பாளியிடம் வந்தது.

மற்றொரு தீவில்

இதே காலத்தில் இன்னொரு தீவிலே நடந்ததையும் நம் தோழர்கள் அறியவேண்டும். சிங்கப்பூரும் வெப்பத் தீவுதான். அங்கும் தமிழன் கூலியாகவே பெரும்பாலும் சென்றான். அங்கும் வயல் இல்லை, களம் இல்லை. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பினார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. திருவாரூரிலே பிறந்து 1924-இல் சிங்கப்பூர் சென்ற கோ. சாரங்கபாணி, 1935-இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். அவரது முயற்சியால் 1952-இல், பொங்கலை ஒட்டித் 'தமிழர் திருநாள்' என்னும் விழா தொடங்கிற்று.

அந்த விழாவிலே அவர்கள் செய்தது என்ன? நெல் இல்லையே என்று ஏங்கி நிற்கவில்லை. சாதியின் பெயராலும் சமயத்தின் பெயராலும் ஊரின் பெயராலும் சிதறிக் கிடந்தவர்களை, தமிழர் என்ற ஒரே பெயரால் அழைத்தனர். இந்துவும் இஸ்லாமியரும் கிறித்தவரும் ஒரே பந்தலில் கூடினர். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கலை நிகழ்ச்சி என்று அறிவுக்கு வேலை கொடுத்தனர். அதே சாரங்கபாணி, குடியுரிமை பெறுங்கள், பதிவு செய்யுங்கள் என்று தொழிலாளரை 1950-களில் இடைவிடாது தூண்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று நிதி திரட்டினார். 1965-இல் சிங்கப்பூர் தனிக் குடியரசு ஆனபோது, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாக நின்றது.

விழா நடத்தியதால் குடியுரிமை வந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. சிங்கப்பூரின் அரசியல் வேறு. இலங்கையின் அரசியல் வேறு. இலங்கையில் எத்தனை பந்தல் போட்டிருந்தாலும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நின்றிருக்காது. நாம் சுட்டிக்காட்டுவது வேறு. ஒரே திருநாள், இரு தீவுகளுக்குச் சென்றது. ஓரிடத்தில் அது லயத்து வாசலோடு நின்றது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பானை வைத்து, தனித்தனியே உண்டு, மறுநாள் கொழுந்துக் கூடையைச் சுமந்தது. மற்றோரிடத்தில் அது வாசலைத் தாண்டி மன்றத்துக்கு வந்தது. கூடியவர்கள் 'இந்த நாட்டில் நமக்கு என்ன உரிமை?' என்று கேட்கக் கற்றனர். 1952 என்னும் ஒரே ஆண்டில், இங்கே உரிமை இழந்தோர் சத்தியாகிரகம், அங்கே உரிமை தேடுவோர் திருநாள். திருநாளின் மதிப்பு, பொங்கிய பானையில் மட்டும் இல்லை. கூடிய மக்கள் எழுப்பிய கேள்வியிலும் இருக்கிறது.

திரும்பி வந்த பொங்கல்

உடன்படிக்கைப்படி திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். எங்கே தங்கவைத்தனர்? அதே மண்டபம் முகாமில்! பாட்டன் போகும்போது தங்கிய இடத்திலேயே பேரன் திரும்பி வந்து தங்கினான். இடையிலே மூன்று தலைமுறை உழைப்பு, ஒரு தீவின் செல்வமாகத் தேங்கிவிட்டது. அங்கே அவனைக் 'கள்ளத்தோணி' என்றனர். இங்கே 'சிலோன்காரன்' என்றனர். நீலகிரியிலே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலர் மீண்டும் கொழுந்தே பறித்தனர். வயலை இழந்து கடல் கடந்தவனின் பேரன், கடல் கடந்து திரும்பியும் வயலைக் காணவில்லை.

தீவிலே எஞ்சியவர் நிலை என்ன? 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால், நாடற்று எஞ்சியிருந்தோருக்கும் இலங்கைக் குடியுரிமை கிட்டிற்று. 1948-இல் பறித்ததைத் திருப்பித்தர 55 ஆண்டுகள்! 2015-க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. நம் கணக்கில் அது ஏறத்தாழ நாலரைச் சென்ட்டு. அதுவும் சிலருக்குத்தான், பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயத்து அறைகளிலேயே வாழ்கின்றன. மலையகத்தார் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் நடந்த அதே பாதையிலே மக்கள் நடந்தனர். 2024 சனவரியில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் ஏறுதழுவல் நடத்தப்பட்டது. நம் அலங்காநல்லூர் விளையாட்டு அத்தீவுக்கும் சென்றது கண்டு இங்கே பலர் பூரித்தனர். பூரிப்பதில் குறையில்லை. ஆனால் காளை கடல் கடந்தது செய்தியாகிறது. காணி கேட்டு நடந்த மக்கள் செய்தியாவதில்லை. வாடிவாசலைப் பார்த்த கண்கள், லயத்து வாசலையும் பார்க்கவேண்டும்.

மதுரைச் சமவெளியின் இளைஞர்களே! பொங்கல் நம் திருநாள் என்று முழங்குகிறோம். நன்று. சாதி வேண்டா, புரோகிதம் வேண்டா, புராணம் வேண்டா என்கிறோம். மிக நன்று. அத்தோடு நின்றுவிட்டால், வேண்டாததை நீக்கியவர்கள் ஆவோமே தவிர, வேண்டியதைச் சேர்த்தவர்கள் ஆகமாட்டோம். அறுவடையைக் கொண்டாடும் நாளில், அறுத்தவன் யார், அளந்து சென்றவன் யார் என்று கேட்கவேண்டும். நம் ஊரிலே இன்றும் நடவு நடும் பெண்ணின் பெயரில் எத்தனை குழி நிலம் என்று கேட்கவேண்டும். நம் பக்கத்து ஊரில் 'சிலோன் காலனி' என்ற பெயரோடு ஒரு குடியிருப்பு இருக்குமானால், அங்கே சென்று அந்த முதியவர்கள் வாழ்ந்த வரலாற்றைக் கேட்டு எழுதி வைக்கவேண்டும். ஊர்ப் பொங்கல் பந்தலில் அவர்கள் விருந்தினராக அல்ல, ஊராராக நிற்கவேண்டும்.

வயலில்லாதவர் வைத்த பொங்கல், உழுதவனுக்கு நிலம் எங்கே, உழைத்தவனுக்கு நாடு எங்கே என்று இரண்டு கேள்விகளை விட்டுச் சென்றிருக்கிறது. நாட்டுக் கேள்விக்கு அத்தீவிலே ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பாதி விடை கிடைத்தது. நிலக் கேள்விக்கு இரு கரைகளிலும் விடை மிச்சமிருக்கிறது. அந்த விடையைத் தேடும் நாளாகத் தை முதல் நாளை நாம் நடத்துவோம்.